திறப்பைத் தேடித் திண்டுக்கல்லுக்கு

பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்னைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டுப் போனபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. இரண்டு நாள் முன்பு பேர்மிங்ஹாமில் வீட்டுக் கதவைச் சாத்தியபோது விட்ட மூச்சு வெள்ளைப் புகையாகப் போனது. ஏப்ரல் மாதத்திலும் கம்பளிக் கையுறை போட்டிருந்தேன். இங்கே பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து முகத்தில் படிந்தது. இருட்டிலேயே இவ்வளவு சூடா! சூரியன் வந்தால் என்ன ஆகும்? கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். கையுறை இன்னும் கிடந்தது. யாரோ ஒருவருடைய பொருள் போலிருந்தது.

முதுகுப் பையின் அடியில், துவாயில் சுற்றி, ஒரு பழைய பித்தளைப் பூட்டு இருந்தது. சென்னை விமான நிலையத்தில் பையைப் பரிசோதித்தவர் அதை வெளியே எடுத்து ஏந்திப் பார்த்தார். "இத எடுத்துக்கிட்டு எங்க சார் போறீங்க?" என்றார். "திண்டுக்கல்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறீங்க" என்று சொல்லித் துவாயை அவரே திரும்பச் சுற்றிக் கொடுத்தார். விற்கப் போகவில்லை, அதற்கு ஒரு திறப்புச் செய்யப் போகிறேன் என்றேன். "தெறப்பா?" என்றார். இலங்கையில் எங்கள் ஊரில் பூட்டைத் திறப்பது திறப்பு. இங்கே அது சாவி. போர்த்துக்கேயர் விட்டுப் போன சொல் தமிழகத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் ஒன்றரை நூற்றாண்டு இருந்த எங்கள் கரையில் தமிழ்ச் சொல்லே நின்றுவிட்டது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் அதிசயம்.

பூட்டின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் துவக்கின் கதையைச் சொல்ல வேண்டும். துவக்கு என்றால் துப்பாக்கி. இரண்டும் துருக்கியரின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. வன்னியில் எங்கள் வயல்களுக்குப் பன்றி வரும். அம்மப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஓர் இடியன் துவக்கு இருந்தது. வாய்வழியாக மருந்து போட்டு, தும்பு வைத்து, கம்பியால் இடித்து இறுக்குவதால் அதற்கு இடியன் என்று பெயர். வெடித்துவிட்டு வரும்போது அவர் கையில் ஒரு கந்தக வாசனை இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு குழைத்துத் தருவார். பின்னால் இடப்பெயர்வில் வீடு போனது, துவக்கும் போனது.

பேர்மிங்ஹாமுக்கு வந்து முப்பது வருடம் கழித்து, ஊருக்கு வெளியே நடந்த ஒரு பழஞ்சாமான் ஏலத்தில், மரப்பெட்டிக்குள் ஓர் இரட்டைக் குழல் துவக்கைக் கண்டேன். கால்கள் நகரவில்லை. வேட்டைத் துவக்கு. குழலுக்குள் சுருள் சுருளாக வரி வெட்டியிருந்தது, ஆகவே ரைபிள். கேப்பு வைத்து அடிக்கும் பழைய வகை. ஆனால் பாதி உறுப்புகள் இல்லை. இடிக்கும் கோல் இல்லை. கட்டையின் பக்கத்தில், எண்ணெய்த் துணியும் குண்டும் வைக்கக் குடைந்த சிறு பெட்டியின் மூடி இல்லை. கேப்பைத் தட்டும் குதிரைகள் இரண்டில் வலது பக்கத்தது நல்ல வேலைப்பாடு. இடது பக்கத்தது அதைப் பார்த்து யாரோ பின்னால் செய்து பொருத்தியது. உயரம் சரி, வளைவு சரி, ஆனாலும் உடன்பிறப்பு இல்லை. மரப்பெட்டியின் கொண்டியில் இந்தப் பூட்டு தொங்கியது. திறக்க ஆளில்லாமல் கொண்டியையே கழற்றித்தான் பெட்டியைத் திறந்திருந்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் இவ்வளவு பழைய துவக்கை, சுடாமல் வைத்திருப்பதானால், பழம்பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இருந்த காசைக் கொடுத்து வாங்கிவிட்டேன்.

அதை அடையாளம் காண்பதற்கே ஒரு குளிர்காலம் போனது. குழலின் அடியில், கட்டையைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில், இரண்டு செங்கோல்கள் குறுக்காகவும் மேலே முடியுமாக ஒரு முத்திரை இருந்தது. பேர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலையின் முத்திரை அது. 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கிய அந்தச் சாலை பான்பரி வீதியில் இன்றும் இயங்குகிறது. வழமையாகப் போடும் மருந்தைவிடக் கூடுதலாகப் போட்டுக் குழலை வெடித்துப் பார்ப்பார்கள். பிளக்காமல் தப்பிய குழலுக்கே முத்திரை. அந்த வடிவ முத்திரை 1904 வரை வழக்கில் இருந்தது. கேப்புத் துவக்குகளோ 1860களில் பின்பக்கம் திறக்கும் வகைகள் வந்ததும் ஒதுங்கிவிட்டன. மரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் பாதி கிழிந்த ஒரு லேபிள்: பி. ஓர் அண்ட் சன்ஸ், மதராஸ். மவுண்ட் ரோட்டில் மணிக்கூடு விற்கும் அதே ஓர். கடிகாரம், நகை, வெள்ளிப் பாத்திரத்தோடு துரைமாருக்கு அவர்கள் வேட்டைத் துப்பாக்கியும் விற்றார்கள். அந்தக் கடை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1850க்கும் 1870க்கும் இடையில் வந்து நிற்கிறது. என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் பிறந்து, கப்பலேறி, மதராஸில் விலைபோய், எங்கெங்கோ காடு சுற்றி, மறுபடி பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது அந்தத் துவக்கு. அதற்கு நடுவில் அது எங்கே இருந்தது என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே சாட்சி இந்தப் பூட்டு. அதன் முகத்தில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்தில் திண்டுக்கல் என்று வெட்டியிருந்தது.

அதனால் வந்தேன். துவக்கைக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. படங்கள், முத்திரைகளின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதிகள், மூடியில்லாத அந்தக் குழிக்கு அட்டையில் வெட்டிய அச்சு, பூட்டு. இவ்வளவுதான் என் சாமான்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் தேத்தண்ணீர் கேட்டேன். "டீயாண்ணே?" என்று கேட்டு ஓர் ஆள் உயரத்திலிருந்து நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தான் அந்தப் பையன். பேர்மிங்ஹாமில் இந்த நேரத்தில் வீதியில் பால் வண்டி மட்டும் போகும். இங்கே ஊரே விழித்திருந்தது. சாக்குச் சாக்காக மல்லிகைப்பூ ஆட்டோக்களில் போய்க்கொண்டிருந்தது. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சந்தைக்கு வருகிறதாம். ஒரு பூவை முகர்ந்திருக்கிறேன், ஒரு மாலையை முகர்ந்திருக்கிறேன். ஒரு தெருவே மல்லிகையாக மணப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் "அண்ணே, மயக்கமா?" என்று தோளைத் தொட்டார்.

அவரே அன்று முழுதும் எனக்கு ஊர் காட்டினார். அறையில் குளித்துவிட்டு, வெயில் ஏறும் முன் மலைக்கோட்டைக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் கட்டளை. சமவெளியின் நடுவில் ஒற்றைப் பாறை, மேலே மதில். திண்டு வைத்ததுபோல் இருப்பதால் திண்டுக்கல் என்கிறார்கள். உண்மையில் யாரோ சாய்ந்திருந்துவிட்டு எழுந்து போனதுபோல்தான் இருக்கிறது. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கி, திருமலை நாயக்கர் வலுவாக்கிய கோட்டை. பாதி வழியில் சட்டை முழுதும் நனைந்து, நின்றுவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மா செருப்பில்லாமல் என்னைத் தாண்டி ஏறிப்போனார். "மெதுவா வாப்பா, மலை எங்கயும் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே காற்று! கோட்டை முழுதும் காற்று. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் தூரத்தில் நீலமாகப் பழனி மலைத் தொடர், நடுவே தென்னையும் வெட்டவெளியுமாகச் சமவெளி. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் விட்ட துளைகள் வழியே பார்த்தால் ஒவ்வொரு துளையிலும் வேறொரு ஊர் தெரிகிறது. மருந்துக் கிடங்கின் சுவரைத் தொட்டேன். வெளியே அப்படி ஒரு வெயில், உள்ளே கல் குளிர்ந்து கிடந்தது. எனக்கு இந்த இடத்தில்தான் உடம்பு சிலிர்த்தது. 1755இல் மைசூர் அரசு ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைப் பொறுப்பாளராக அனுப்பியது. அவர் பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே புதுமுறை ஆயுதச் சாலை ஒன்றை நிறுவினார். தென்னாட்டில் ஐரோப்பிய முறைத் துப்பாக்கி வேலைக்கு இது ஒரு தாய்வீடு! சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் இருந்து ஹைதரின் படை உதவியைப் பெற்றதும் இந்த வட்டாரத்தில்தான். 1790இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. தங்களை எதிர்த்த கோபால் நாயக்கரை அவர்கள் 1801இல் தூக்கிலிட்டார்கள். அந்த வருடம் டிசம்பர் 1ஆம் திகதி, பாளையக்காரர் நாட்டில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று மதராஸ் ஆளுநர் பிரகடனம் போட்டார். துவக்குகளை வாங்கிக்கொண்டார்கள், கோட்டைகளை இடித்தார்கள். ஐம்பது அறுபது வருடம் கழித்து என்னுடைய துவக்கு இந்நாட்டுக்கு வந்தபோது, வேட்டைத் துவக்கு துரைமாரின் தோளிலும் அவர்கள் அனுமதித்த சிலர் தோளிலும் இருந்தது.

உச்சியில் ஒரு கோயில். தூண்கள் இருக்கின்றன, சிற்பம் இருக்கிறது, கருவறை இருக்கிறது, மூர்த்தி இல்லை. அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள். முன்னே ஏறிப்போன அந்த அம்மா வெறும் கருவறையின் முன்னால் கைகூப்பி நின்றார். நானும் நின்றேன்.

கீழே இறங்கும்போது ஆட்டோக்காரர் காத்திருந்து, பதினொரு மணிக்கே என்னைப் பிரியாணிக்குக் கூட்டிப் போனார். பதினொரு மணிக்குப் பிரியாணியா என்று கேட்டேன். "பன்னெண்டுக்குப் போனா கறி இருக்காதுண்ணே" என்றார், ஒரு மருத்துவர் சொல்வதுபோல. சீரகச் சம்பா அரிசி. சீரகம்போலவே அவ்வளவு சின்னதாக, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, மசாலாவைக் குடித்துவிட்டு நிற்கிறது. கறியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறார்கள். நாகசாமி நாயுடு என்பவர் 1957இல் இந்த ஊரில் தொடங்கிய சிறு கடைதான் அவர் தலைப்பாகையின் பெயரால் இன்று கடல் தாண்டிப் போயிருக்கிறது. பேர்மிங்ஹாமில் நான் சாப்பிட்ட பிரியாணிகள் எல்லாம் நீள அரிசி, வாசனைத் திரவியம் பூசியதுபோல. இது வேறு. மிளகும் எலுமிச்சையும் மூக்கிலேறி, கண்ணில் நீர் வந்து, அதோடு ஒரு தட்டு முடித்து இன்னொன்றும் கேட்டேன்.

வெளியே வந்து ஒரு பழைய கிட்டங்கியைத் தாண்டியபோது ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். அந்த வாசனை! துவக்குப் பெட்டியின் உள்ளே, நைந்த பச்சை வெல்வெட்டில், ஒரு வாசனை உண்டு. எண்ணெயுமில்லை, மரமுமில்லை, என்னவென்று எத்தனையோ தடவை மோந்து பார்த்திருக்கிறேன். புகையிலை. திண்டுக்கல் புகையிலையும் சுருட்டும் அந்தக் காலத்தில் உலகப் பேர் பெற்றவை. ஸ்பென்சர் கம்பெனி இந்த ஊரில் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டு வாசனையில் வளர்ந்த மூக்கு எனக்கு. எப்படி இவ்வளவு நாள் தெரியாமல் போனது? எந்தத் துரையோ அந்தப் பெட்டிக்குள் சுருட்டுக் கட்டையும் போட்டு வைத்திருக்கிறான். தெருவோரம் நின்று மூக்கை நிறைத்துக்கொண்டேன்.

பூட்டுப் பட்டறை நாகல் நகர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. ஓட்டுச் சார்ப்பு, கீழே சிமெண்டுத் தரை, தரையில் பித்தளைத் தூள் தங்கப்பொடிபோல மின்னியது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் வில்லன்ஹோல் என்று ஒரு பூட்டு ஊர் உண்டு. அங்கே காலங்காலமாகக் குனிந்து அரம் போட்டுப் போட்டு அத்தனை தொழிலாளிக்கும் முதுகு கூனி, அந்த ஊருக்கே கூனர் சீமை என்று பட்டப்பெயர் இருந்தது. இந்த ஐயாவின் முதுகும் அரிவாள்போல வளைந்திருந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அதே வளைவு.

பூட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, முதலில் எடை பார்த்தார். பிறகு காதருகே வைத்து ஆட்டினார். பிறகு பெருவிரலால் முகத்தைத் தடவினார். திறப்புத் துளையை மூடியிருந்த சிறு தகட்டை நான் மூன்று வருடமாகத் துரு என்று நினைத்திருந்தேன். அவர் நகத்தால் ஒரு மூலையை அழுத்தினார், அது விலகிச் சுழன்றது!

"எங்க ஊரு பூட்டுதான் தம்பி. ஆனா எங்க காலத்துது இல்ல, எங்க தாத்தா காலத்துது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரிவிட்டு தலை எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்." தேடினேன். காணவில்லை. "தேச்சுத் தேச்சுத் தகட்டோட சேத்துட்டான் மனுசன். இப்ப யாருக்கு அம்புட்டு நேரம் இருக்கு? உள்ள ஆறு லிவர் கெடக்கு. ஆறும் உசுரோட இருக்கு."

லிவர் என்றால் உள்ளே அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றையும் ஒரு வில் கீழே அழுத்திப் பிடித்திருக்கும். திறப்பின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்கு, மயிரிழை கூடாமல் குறையாமல், தூக்கிப் பிடித்தால்தான் நாக்கு நகரும். ஆறு தகடுகள் என்றால் ஆறு உயரங்கள், ஒரே நேரத்தில். திறப்பு இல்லாமல் அந்த ஆறு உயரங்களையும் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை நாளாகும் என்றேன். "சாயந்தரம் வாங்க" என்றார்.

நான் போகவில்லை. மூலையில் ஒரு பலகையைக் காட்டினார்கள். வீட்டம்மா மோர் கொண்டுவந்தார். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்ட மோர். குடிக்கக் குடிக்கச் செம்பை நிறைத்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலு செம்பு குடித்தேன். பேர்மிங்ஹாமில் ஒரு பட்டறைக்குப் போனால் முதலில் கண்ணாடி போடச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே முதலில் "சாப்டீங்களா" என்கிறார்கள்.

ஐயா வேலை செய்துகொண்டே சுவரில் தொங்கியதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மாங்காய்ப் பூட்டு, கோயில் கதவுக்குப் போடும் பெரிய பூட்டு, சுற்றுக்கு ஒரு தரம் மணியடிக்கும் மணிப்பூட்டு. கள்ளச் சாவி போட்டால் உள்ளிருந்து கத்தி பாய்ந்து கையை வெட்டும் ஒரு பூட்டுக்குக் கொலைகாரப் பூட்டு என்று பெயராம். கேட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒன்றரை நூற்றாண்டாக இந்த ஊர் செய்யும் தொழில். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "முத்திரை வந்துச்சு தம்பி, பயலுக வரல" என்றார். அலிகரிலிருந்து இயந்திரத்தில் அடித்த பூட்டு பாதி விலைக்கு வருகிறது. அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் திருப்பூரில். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பேர்மிங்ஹாமின் துப்பாக்கிப் பேட்டையில் ஆயிரக்கணக்கான கைகள் வேலை செய்த சந்துகளில் இன்று வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. நாகல் நகரில் அரச் சத்தம் இன்னும் கேட்கிறதே, இதைக் கேட்க ஆளில்லையா?

இடையில் ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார். இரண்டு குதிரைகளையும் பெரிதாக எடுத்த படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"இது ஒரு கை. இது வேற கை."

அது எனக்கே தெரியும் ஐயா என்றேன்.

"இல்ல தம்பி, நீங்க அழகப் பாக்குறீங்க. கோட்டப் பாருங்க." விரல் நகத்தால் காட்டினார். குதிரையின் கழுத்துக்கு உள்பக்கம், மெருகு எட்டாத ஒரு மடிப்பில், அரம் ஓடிய மெல்லிய கீறல்கள். வலது குதிரையில் அவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. இடது குதிரையில் எதிர்ப்பக்கம். "அரம் தள்ளுறப்ப வலதுகைக்காரனுக்கு இப்படித்தான் சாயும். இந்த ஆளு இடதுகைக்காரன்."

மூன்று வருடம் அந்தக் குதிரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். புத்தகங்கள் வாங்கினேன், படங்கள் அனுப்பிக் கேட்டேன். எவரும் சொல்லாத ஒன்றை இவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்! பெயரில்லாத அந்த மனிதன் இப்போது எனக்குத் தெரிந்தான். இடது கையால் அரம் பிடித்து, துரை கொண்டுவந்த ஒற்றைக் குதிரையை மாதிரி வைத்துக்கொண்டு, அதன் இணையை இரும்பிலிருந்து தேய்த்து எடுத்தவன். நூற்றைம்பது வருடமாக அவன் கை அங்கே எழுதியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் திண்டுக்கல்லில் இருந்தார்.

அவனும் இந்த ஊர்க்காரன்தானா? எனக்கு ஆசை பொங்கியது. பூட்டின் உள்ளே அதே சாய்வு இருக்கிறதா என்று கேட்டேன். ஐயா துளைக்குள் கைவிளக்கு அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பூட்டு செஞ்சவன் வலதுகை. அவன் வேற, இவன் வேற. கோத்து விட்றாதீங்க." அவ்வளவுதான். என் ஆசைக்காக அவர் ஒரு கீறலைக்கூட வளைக்கவில்லை.

பிறகு நான் அட்டை அச்சை எடுத்துக் கொடுத்தேன். குழிக்கு ஒரு மூடி. முதலில் அவர் தயங்கினார். "துப்பாக்கிச் சாமான்னா நான் தொட மாட்டேன். குதிரை, விசை, அதுக்கெல்லாம் சர்க்கார் லைசென்சு வேணும்." 1959 ஆயுதச் சட்டத்தை இந்த ஊர்ப் பட்டறைகள் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. இது சுடும் உறுப்பு இல்லை, துணி வைக்கும் டப்பாவின் மூடி என்று கட்டையின் படத்தைக் காட்டி விளக்கினேன். துவக்கு இனி எந்தக் காலத்திலும் சுடப்போவதில்லை என்றும் சொன்னேன். சுட்டால் என்ன மிஞ்சும்? சிறுமலையிலும் கொடைக்கானல் காட்டிலும் துரைமார் சுட்டுத் தீர்த்தது போதாதா? 1972 வனவிலங்குச் சட்டம் வந்துதான் காட்டெருமைகளுக்கு மூச்சு வந்தது. எனக்கு வேண்டியது அது முழுதாகச் சுவரில் நிற்பது. அம்மப்பாவின் துவக்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

கடைசி வரியை நான் சொல்ல நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. ஐயா ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை வாங்கித் தன் முழங்காலில் வைத்து நீவினார்.

"பழசு மாதிரி பண்ணித் தரவா, புதுசுன்னு தெரியட்டுமா?"

நான் பழசு போலவே வேண்டும் என்றுதான் ஊரிலிருந்து எண்ணி வந்தேன். இரும்பில் செய்து, புளித்தண்ணீரில் கறுக்கவைத்து, யாருக்கும் தெரியாமல். அவர் சொன்னார்: "எங்க அய்யா கோயில் பூட்டு ரிப்பேர் பாப்பாரு. புதுசா ஒரு லிவர் போட்டா அதுல ஒரு புள்ளி குத்திருவாரு. நாளைக்குத் தொறக்குறவன், இது மொத ஆளு வேலையா ரெண்டாவது ஆளு வேலையான்னு தெரிஞ்சுக்கணும்ல." பெரிய அருங்காட்சியகங்களில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சொல்லும் விதி இதுதான்: சேர்த்தது தெரிய வேண்டும், பழையதை ஏமாற்றக் கூடாது. அதை இவர் தகப்பனார் ஒரு புள்ளியில் வைத்திருந்தார். பித்தளையிலேயே செய்யுங்கள் ஐயா, புள்ளியும் குத்துங்கள் என்றேன்.

வெயில் சாய்ந்தது. ஒரு வெற்றுத் திறப்பை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கி, துளையில் விட்டுத் திருப்பி, எடுத்து, எங்கே கறுப்பு அழிந்திருக்கிறது என்று பார்த்து, ஒரு இழை அரம். மறுபடி புகை, மறுபடி திருப்பல், மறுபடி ஒரு இழை. எத்தனை தரம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். சந்தில் விளக்குப் போட்டார்கள். எங்கோ பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து ஓய்ந்தது, கோயில் மணி தொடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. படீர் என்று இல்லை. ஆறு தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, நாக்கு நழுவி, வளையம் எண்ணெயில் மிதப்பதுபோல மேலே வந்தது. பட்டறையில் ஒருவரும் பேசவில்லை. ஐயா பூட்டை மூடி, என் கையில் கொடுத்து, "நீங்க தொறங்க" என்றார். என் கை நடுங்கியது. இரண்டாம் சுற்றில் திறந்தது. வளையம் உட்காரும் குழியில் மெல்லிய மண். சிவப்பு மண்.

மறுநாள் காலை மூடியை வாங்கப் போனேன். அட்டை அச்சுக்கு மயிரிழை பிசகாமல், சிறு கீலோடு, ஓரத்தைச் சாய்த்து மெருகேற்றியிருந்தார். உள்பக்கம் திருப்பினேன். நடுவில் ஒரு புள்ளி. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டு நான் கூடுதலாகக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துக் கூடுதலைத் திருப்பித் தந்தார். வீட்டம்மா ரயிலுக்கென்று வாழையிலையில் புளிச்சோறு கட்டி வைத்திருந்தார். சிறுமலை வாழைப்பழம் நாலு, அதுவும் ஒரு பையில்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலைக்கோட்டை பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் கொடுத்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தேன். பழைய கணக்குப் புத்தகத் தாள். மேலே பென்சிலால், பள்ளிப் பிள்ளையின் எழுத்துப்போல் உருண்டையாக எழுதியிருந்தார்: பித்தளை மூடி 1, பூட்டு 1. அதற்குக் கீழே சாவி என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில், திறப்பு 2.